பாடும்போது மட்டும் ஒரு கசிவு

அத்தியாயம் 14

உறையில் எந்தக் குறையும் இல்லை. அச்சுக்காரிக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாவது முறையாக அதை விளக்கின் கீழே பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். சுண்டுவிரல் நுனி அளவுக்கு, கண்ணாடி போன்ற பிசினில் வார்த்த காதுறை. ஒரு குமிழி இல்லை, கீறல் இல்லை. பாடகியின் வலது காதில் வைத்தால், டப்பாவுக்கு மூடி போட்டதுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. இயர்போனில் சோதனைக்காக ஓடவிட்ட அடித்தொண்டைச் சத்தம் 'ம்ம்ம்' என்று நிறைந்து கேட்டது.

ஆனால் பாடகி உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்தால், அந்த 'ம்ம்ம்' காணாமல் போனது. நிறுத்தினால் திரும்பி வந்தது. மறுபடி பாடினால், மறுபடி போனது.

"ஏம்மா, என் பாட்டு பிடிக்காம ஓடிப் போகுதோ?" என்றார் பாடகி. சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை.

மணி இரண்டு. ஏழு மணிக்கு மைதானத்தில் நிகழ்ச்சி. ஐந்தரைக்கு அவர் கிளம்பியாக வேண்டும்.

போன வாரம் இந்தப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாடே தலையில் வைத்துக் கொண்டாடும் அந்தப் பாடகி, காது மெஷின் விற்கும் இந்தச் சின்னக் கடைக்கு விரும்பி வரவில்லை. தன் நிகழ்ச்சிக்குச் சேர்ந்த கூட்டத்தில் தன் வண்டியே நகராமல் நின்றபோது, பெயர்ப்பலகையில் வரைந்திருந்த பெரிய காதைப் பார்த்து இறங்கி வந்தார். அவர் உள்ளங்கையில் மேடையில் மாட்டும் காதுக்கருவி இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒப்பனைக்காரப் பெண் தெரியாமல் மிதித்துவிட்டாள். கைவசம் இருந்தது யார் காதுக்கும் பொதுவான ஒரு மாற்று இயர்போன். அதற்கு அவர் காதின் அளவில் ஓர் உறை வேண்டும். உறை வார்க்கத்தான் அச்சுக்காரி இருக்கிறாளே! கணவன் கேலிக்கு வைத்த பெயர். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

அச்செடுக்க உட்கார்ந்தபோதுதான் பாடகி அந்த விஷயத்தைச் சொன்னார். இடது காது இரண்டு வருடமாகக் கேட்பதில்லை. இருப்பது வலது காது ஒன்றுதான். டாக்டருக்கும் மேனேஜருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"இன்னொரு தடவை பெரிய சத்தம் பட்டா இதுவும் போயிடும்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டார்" என்றார்.

மேடை என்பது எவ்வளவு சத்தமான இடம் என்று கீழே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ், பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர், எதிரே ஐம்பதாயிரம் தொண்டை. அதற்கு நடுவில் தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும். அதனால்தான் காதை இறுக்கமாக அடைத்து, அடைப்புக்குள்ளேயே தன் குரலைச் சன்னமாகக் கேட்டுக்கொண்டு பாடுகிறார்கள். அடைப்பு சரியாக இருந்தால் வெளிச்சத்தம் உள்ளே வராது. உள்ளே குறைந்த ஒலியே போதும். மயிரிழை இடைவெளி விழுந்தால்கூடக் கனமான தாழ்ந்த ஒலிகள் முதலில் வெளியே ஓடிவிடும், டிரம்ஸ் உள்ளே நுழைந்துவிடும். பாடுகிறவர் என்ன செய்வார்? இடுப்பில் இருக்கும் பெட்டியில் ஒலியைக் கூட்டுவார். இன்னும் கூட்டுவார். இரண்டரை மணி நேரம்.

அந்த ஒரே காது அதைத் தாங்காது. பாடகிக்கு அது தெரியும், அச்சுக்காரிக்கும் தெரியும்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?" கணவனுக்கு நாலாவது முறையாகப் போன் போட்டாள்.

"அதே பாலம். அதே லாரிக்குப் பின்னாடி." ஊருக்கு மறுகோடியில் முதியோர் இல்லத்தில் மெஷின் மாட்டப் போனவன், நாலைந்து பேரோடு ஒரு வாடகை வேனில் மாட்டிக்கொண்டு கிடந்தான். "அந்த லாரி நம்பர் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. உறை என்னாச்சு?"

சொன்னாள்.

"குரல் அதிர்வுல உறை ஆடுதோ என்னவோ. மேல ஒரு பூச்சு குடு. கொஞ்சம் தடிமனாக்கு."

கொடுத்தாள். ஒளிப்பெட்டியில் வைத்து இறுக வைத்தாள். பாடகி மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் முகம் சுளித்தார். "வலிக்குதும்மா." அப்படியும் உச்சத்தில் கசிந்தது.

தடிமனாக்கியும் ஏன் சரியாகவில்லை? சின்னச் செருப்புக்குள் சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டதுபோல், ஏற்கனவே இறுக்கமான இடம் இன்னும் இறுகியது. இடைவெளி எங்கே விழுகிறதோ, அங்கே அது எட்டவேயில்லை. ஆனால் எங்கே விழுகிறது? பாடும்போது மட்டும் ஏன் விழுகிறது?

பூச்சைச் சுரண்டி எடுத்தாள். தைலம் தடவிப் பார்த்தாள். ஒயர் இழுக்கிறதோ என்று ஒயரைக் காதோடு சேர்த்து ஒட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பாடகி பின்னறையில் நின்று அந்த உச்ச சுரத்தைப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் இல்லை என்று தலையாட்டினார். ஐந்தாவது முறை தலையாட்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"விடுங்கம்மா. நான் சத்தத்தைக் கூட்டி வச்சுப் பாடிக்கறேன்."

"வேண்டாம் மேடம்!" அச்சுக்காரியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "நிகழ்ச்சியை நிறுத்த முடியாதா?"

"எதுக்கு நிறுத்தறீங்கன்னு கேப்பாங்க. காரணம் சொன்னா, அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. சொல்லலைன்னாலும் தோண்டி எடுத்துடுவாங்க." பாடகி ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையில் அவ்வளவு உயரமாகத் தெரிகிறவர், அந்த ஸ்டூலில் சின்னக் குழந்தைபோல் இருந்தார். "எனக்குப் பாடறதைத் தவிர ஒண்ணும் தெரியாதும்மா. சோறு வடிக்கக்கூடத் தெரியாது."

அச்சுக்காரி தன் கைகளைப் பார்த்தாள். நடுங்கின.

அந்த நடுக்கத்துக்கு வயது நாலு மாதம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்கு அவள் அச்செடுத்த நாளில் தொடங்கியது. அச்செடுப்பது பெரிய வித்தை இல்லை. கவனம் மட்டும் வேண்டும். முதலில் நூல் கட்டிய சின்னப் பஞ்சுத் தடுப்பைக் காது ஓட்டைக்குள் தள்ளி நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு வகை அச்சு மாவைச் சரிபாதியாகப் பிசைந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் காதுக்குள் நிரப்ப வேண்டும். ஐந்து நிமிடத்தில் மாவு ரப்பராக இறுகும். நூலைப் பிடித்து மெதுவாகத் திருகி எடுத்தால், காதின் உள்வடிவம் அப்படியே கையில் வரும். பஞ்சுத் தடுப்புதான் காவல். அது நகர்ந்தால் மாவு செவிப்பறை வரைக்கும் போய்விடும்.

அன்று போய்விட்டது. மாவு நிரப்பிக்கொண்டிருந்தபோதே வாத்தியார் தன் பேரன் செய்த சேட்டையைச் சொல்ல ஆரம்பித்து, வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் ஆனது அதை எடுக்க. காது பிழைத்தது. அவர் மன்னித்தும் விட்டார். அவள்தான் தன்னை மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து அச்செடுப்பது கணவன். வார்ப்பது மட்டும் அவள். சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு அட்டையும் மாட்டினாள்: 'அச்செடுக்கும்போது வாயை மூடி, அசையாமல் இருக்கவும்.' இன்று காலை கணவன் இல்லாததால், நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரிஞ்சைத் தொட்டிருந்தாள். பாடகியிடமும் அதையே மூன்று முறை சொல்லியிருந்தாள். வாயை மூடுங்க, அசையாதீங்க.

"அண்ணி..."

வாசல் பக்கமிருந்து நாத்தனார் வந்தாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கடையில் சீட்டு எழுதி ஆட்களை உட்கார வைப்பது அவள் வேலை. காலையிலிருந்து பாடகியை இமைகூடக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"என் ஃப்ரெண்டு ஒருத்திகிட்ட... யார் வந்திருக்காங்கன்னு மட்டும் சொன்னேன். ஒருத்திகிட்டதான்! இப்ப வெளியில முப்பது நாப்பது பேர் நிக்கறாங்க."

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே செருப்புகள் தெரிந்தன. ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை.

பாடகி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"உனக்கு அறிவிருக்கா? காலையில தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியே!"

"காதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை அண்ணி! சத்தியமா! வந்திருக்காங்கன்னு மட்டும்தான்... அவதான் நம்பலை, நான் எவ்வளவு சொல்லியும் நம்பலை, அதனாலதான்..." ரேடியோ அழத் தொடங்கினாள். அழுகையிலும் செய்தி வாசிப்பு நிற்கவில்லை. யார் யாருக்குச் சொன்னார்கள், யார் வண்டியைப் பார்த்தார்கள், எந்தக் கடைக்காரர் முதலில் வந்தார் என்று விம்மலுக்கு விம்மல் வந்துகொண்டே இருந்தது.

அச்சுக்காரிக்கு யோசிக்க வேண்டும். ஒரே ஒரு நிமிடம் அமைதி வேண்டும். இரண்டு சுண்டுவிரலையும் இரண்டு காதிலும் அழுத்திச் செருகிக்கொண்டாள். அழுகை அமுங்கியது. ஷட்டரைத் தட்டும் சத்தமும் அமுங்கியது.

அமுங்கினாலும் அழுகை விட்டபாடில்லை.

"நிறுத்துடீ!" என்று வாயை அகலத் திறந்து கத்தினாள்.

கத்தின அந்தக் கணம் அழுகை பளிச்சென்று கேட்டது.

விரல் அசையவில்லை. அழுத்தியது அழுத்தியபடியே இருந்தது. ஆனால் விரல்நுனிக்கு முன்பக்கத்தில் இருந்த காதுச்சுவர், யாரோ கதவைத் திறந்ததுபோல் விலகிப் போனது.

வாயை மூடினாள். சுவர் திரும்பி வந்து விரலைத் தொட்டது. திறந்தாள். விலகியது.

நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். சுண்டுவிரலைக் காதில் வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். தாடை எலும்பின் முளை காது ஓட்டைக்கு நேர் முன்னால்தான் இருக்கிறது. வாய் திறந்தால் முளை முன்னால் நழுவுகிறது, அதோடு ஓட்டையின் முன்சுவரும் நழுவுகிறது, ஓட்டை அகலமாகிறது. பேசும்போது கொஞ்சம். உச்ச சுரத்தில் தாடை முழுக்க இறங்கும்போது நிறைய.

"அண்ணி?" ரேடியோ அழுகையை மறந்துவிட்டாள். காதில் விரலை விட்டுக்கொண்டு மீனைப்போல் வாயைத் திறந்து மூடும் அண்ணியைப் பார்த்தால் யாருக்குத்தான் அழுகை வரும்? "அண்ணி, என்ன ஆச்சு? மேடம், அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு!"

அச்சுக்காரி சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள். 'வாயை மூடி.' வாயை மூடிய காதுக்குத்தான் அவள் உறை செய்திருந்தாள். மூடிய வாய்க்கு அது அப்பழுக்கில்லாத உறை. பாடகி மூடிய வாயோடு பாடுவதில்லை.

அடுத்த நொடி வேறொன்றும் புரிந்தது. வாத்தியார் அன்று சிரித்தார். வாயைத் திறந்தார். ஓட்டை அகலமாகிப் பஞ்சு பிடி விட்டது. மூடிய வாயில் அளவு பார்த்து வைத்த பஞ்சு.

இப்போது பாடகியின் வாயைத் திறந்து வைத்துத்தான் அச்செடுக்க வேண்டும். அகலமான ஓட்டை, அவருக்கிருக்கும் ஒரே காது, நடுங்கும் கை.

போனில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பாடகிக்கு இடது காது கேட்காது என்பதையும் சேர்த்து. மறுமுனையில் ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க, கேக்குதா?"

"கேக்குது." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "நான் வந்து எடுக்கறேன். காத்திரு."

"எப்ப வருவீங்க?"

லாரிக்காரனைத் திட்டினான், அதுதான் பதில்.

"நான் எடுக்கலைன்னா அவங்க சத்தத்தைக் கூட்டி வச்சுப் பாடுவாங்க."

"உன்னால முடியுமா?"

"தெரியலைங்க."

"பெரிய பஞ்சு வை. அவங்க வாயைத் திறந்தப்புறம் வை. விளக்கு வச்சு ரெண்டு தடவை பாரு." பின்னால் ஹார்ன் அலறியது. "போனை வைக்காதே. நான் வாயே திறக்க மாட்டேன். சும்மா வச்சிரு."

பாடகியிடம் எதையும் மறைக்கவில்லை. வாத்தியாரின் கதையையும் சேர்த்துச் சொன்னாள். பாடகி முழுவதும் கேட்டார்.

"கை நடுங்குதே" என்றார்.

"ஆமா மேடம்."

"எனக்கு மேடையேறும்போது முழங்கால் நடுங்கும். இருபத்தெட்டு வருஷமா. புடவைக்குள்ள இருக்கறதால யாருக்கும் தெரியாது." ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எடுங்க."

வாய் ஐந்து நிமிடம் ஒரே அளவில் திறந்திருக்க வேண்டும். அதற்கு முட்டு வேண்டும். தொண்டை பார்க்கும் தட்டைக் குச்சிகளை ரேடியோ அடுக்கி, பஞ்சுத்துணி சுற்றி ஒட்டினாள். பாடகி உச்ச சுரத்துக்கு வாயைத் திறந்து, குச்சிக்கட்டைப் பல்லிடையில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு குச்சி. மறுபடி ஒரு விரல். இன்னும் ஒன்று. பிறகு தலையாட்டினார். இனி அவரால் பேச முடியாது.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க. நான் உடனே நிறுத்திடுவேன்."

விளக்கை வைத்து உள்ளே பார்த்தாள். காலையில் பார்த்த அதே ஓட்டை இப்போது வேறு வீடுபோல் இருந்தது. காலையில் வைத்த அளவுப் பஞ்சை வைத்துப் பார்த்தாள், தொட்டதும் வழுக்கியது. அடுத்த அளவு. அதுவும் ஆடியது. அதற்கும் அடுத்தது. நின்றது. நூலை லேசாக இழுத்துப் பார்த்தாள்; நகரவில்லை. விளக்கை வைத்து மறுபடி பார்த்தாள். சுற்றிலும் இடைவெளி இல்லை. இரண்டாவது முறையும் பார்த்தாள்.

மணிக்கட்டைப் பாடகியின் கன்னத்தில் ஊன்றிக்கொண்டாள். கை நடுங்கினாலும், அவர் தலையோடு சேர்ந்துதான் நடுங்கும். சிரிஞ்சு தனியாகக் குத்தாது.

மாவு உள்ளே போனது.

முதல் நிமிடம். வெளியே யாரோ பாடகியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இரண்டாவது நிமிடம். பாடகியின் வாயோரத்தில் எச்சில் வழிந்தது, ரேடியோ துடைத்தாள். கை நடுங்காமல் துடைத்தாள் அந்த அசடு. மூன்றாவது நிமிடம் பாடகியின் இடது கை மடியிலிருந்து எழும்பியது.

அச்சுக்காரியின் விரல் நூலைத் தொட்டது.

அந்தக் கை அவள் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். வலி இல்லை. பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

ஐந்து நிமிடம் முடிந்ததும் நூலைப் பிடித்து, திருகி, மெதுவாக, மிக மெதுவாக எடுத்தாள். நுனியில் பஞ்சு இருந்தது, முழுசாக. விளக்கை வைத்து உள்ளே பார்த்தாள். செவிப்பறை சுத்தமாக, சாம்பல் நிறத்தில் பளபளத்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முடிஞ்சுதா?" மேஜையில் இருந்த போன் கேட்டது.

"முடிஞ்சுதுங்க."

போனிலிருந்து நாலைந்து பேர் கைதட்டும் சத்தம் வந்தது.

"யாருங்க அது?"

"வேன்ல இருக்கறவங்க" என்றான். பிறகு அவசரமாக, "ஸ்பீக்கர் இப்பதான் போட்டேன்" என்றான்.

அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. புது அச்சையும் பழைய அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முன்பக்கம் அரிசிமணி கனத்துக்கு வித்தியாசம். அரிசிமணிதான்! அதற்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கையே அடங்கியிருந்தது. அச்சைச் செதுக்கி, மெழுகில் முக்கி, உறையும் கூழில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் பிசின் ஊற்றி, ஒளிப்பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினாள்.

அப்போதுதான் ஷட்டருக்கு வெளியிலிருந்து ஒரு ஆண்குரல் தெளிவாகக் கேட்டது.

"மேடம்! உங்களுக்கு இடது காது கேக்காதாமே, உண்மையா?"

கூட்டம் சட்டென்று அமைதியானது. பதிலுக்குக் காத்திருக்கும் அமைதி.

பாடகி பின்னறையில், கேட்காத பக்கம் வாசலை நோக்கி இருக்க, கண்ணாடி முன்னால் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை.

ரேடியோ அண்ணியின் கையைப் பிடித்தாள். "நான் சொல்லலை அண்ணி. அம்மா மேல சத்தியமா, காதைப் பத்தி நான் சொல்லவே இல்லை."

அச்சுக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். பொய் சொன்னால் ரேடியோவுக்கு மூக்கு சிவக்கும். சிவக்கவில்லை. இந்தக் கடையில் அந்த விஷயம் தெரிந்தவர்கள் அவளும் ரேடியோவும், இரண்டே பேர். போனில் மூன்றாவது ஆள்.

அவள் போனைப் பார்த்தாள். வேனில் கைதட்டிய நாலைந்து பேர் நினைவுக்கு வந்தார்கள். இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது.

ஐந்து மணிக்கு உறை தயாரானது. மெருகேற்றி, இயர்போனில் பொருத்தி, பாடகியின் காதில் வைத்தாள். அந்த 'ம்ம்ம்' சத்தத்தை ஓடவிட்டாள். பாடகி கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்தார். அந்த உச்ச சுரம் எழும்பியது. மருந்து அலமாரியின் கண்ணாடி அதிர்ந்தது. பாடகியின் தாடை முழுக்க இறங்கியிருந்தது. அவர் நிறுத்தவில்லை. ஐந்து எண்ணும்வரை, பத்து எண்ணும்வரை பிடித்திருந்தார்.

கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. கட்டைவிரலை உயர்த்தினார்.

"போகலை! அப்படியே நிக்குது!" காது அடைத்திருந்ததால் சத்தமாகவே சொன்னார். "என்னம்மா பண்ணினீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. வேற ஊர்ல இன்னொருத்தர்கிட்ட போனா நான் சொல்லணும்ல!"

அச்சுக்காரி வாயைத் திறந்தாள். பாடகி உதட்டைப் பார்த்து, சிரித்து, காதைத் தொட்டுக் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. உறை அவ்வளவு நன்றாக அடைத்திருந்தது. ஷட்டரை இரண்டு கையாலும் தட்டி, அதே கேள்வியை இப்போது ஏழெட்டுக் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. அதில் ஒன்றுகூட அவருக்கு எட்டவில்லை.

ரேடியோ சீட்டு எழுதும் தாளையும் பேனாவையும் நீட்டினாள். அச்சுக்காரி வாங்கிக்கொண்டாள். பாடகிக்கு எழுதிக் காட்ட வேண்டியவை இரண்டு இருந்தன. ரகசியம் வெளியே போய்விட்டது என்ற இரண்டாவதை எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததை முதலில் எழுதினாள். இந்த முறை கை நடுங்கவில்லை.

'வாய் திறந்தால் காது ஓட்டை அகலமாகும். அதனால் பாடுகிறவருக்கு, உச்ச சுரத்துக்குத் திறக்கிற அளவு வாயைத் திறந்து முட்டுக் கொடுத்து, அந்த நிலையிலேயே பஞ்சை அளந்து வைத்து, அந்த நிலையிலேயே அச்செடுக்க வேண்டும்.'